புது பம்ப்போட முதல் ஒரு நிமிஷம்

போன வாரம் ராத்திரி பத்தரை மணி இருக்கும், ஒரு போன். முன்னாடி எங்கிட்ட ஹெல்பரா இருந்து இப்போ வேற ஒரு பிரஸ் ஷாப்ல மெயின்டனன்ஸ் பாக்குற தம்பி. "அண்ணே, ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு புது பிஸ்டன் பம்ப் மாட்டினோம், ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கூட ஆகல, கத்த ஆரம்பிச்சுது, ஆஃப் பண்ணிட்டு திரும்பப் போட்டோம், இப்போ பிரஷரே ஏற மாட்டேங்குது, பம்ப்பே ஃபால்ட்டா வந்திருக்குமாண்ணே"ன்னு கேக்குறான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கேஸ்ல ஆயில் ஊத்துனியா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "டேங்க்ல ஃபுல்லா இருந்துச்சுண்ணே"ன்னான்.

டேங்க் ஃபுல்லா இருந்துச்சு, ஆனா பம்ப்போட வயித்துக்குள்ள, அதாவது பாகங்களை மூடியிருக்குற கேஸ்ங்கிற வெளிக்கூட்டுக்குள்ள, ஒரு சொட்டு இல்ல. இது ரெண்டும் வேற வேறன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல, கூட வேலை பாத்தப்போ நானும் சொல்லாம விட்டிருக்கேன்னு அன்னிக்கு ராத்திரி ரொம்ப உறுத்துச்சு. லட்ச ரூபாய்க்கு மேல போட்டு வாங்கின பொருள், காலையில பெட்டியிலேர்ந்து எடுத்தது, சாயங்காலம் ஸ்கிராப். அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன், அவனை மாதிரி தனியா மாட்டிக்கிட்டு நிக்கிற பசங்க யாராவது படிச்சா போதும்.

டேங்க்ல இருக்குற ஆயிலை உறிஞ்சி பிரஷரோட மெஷினுக்குத் தள்ளுறதுதான் இந்தப் பம்ப்போட வேலை. ஆக்சியல் பிஸ்டன் பம்ப்பைப் பிரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், உள்ள ஒரு சிலிண்டர் பேரல், அதுல பெரும்பாலும் 9 பிஸ்டன், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் செருப்பு மாட்டின மாதிரி ஒரு ஸ்லிப்பர், அந்த ஸ்லிப்பர் சாஞ்சு நிக்கிற ஸ்வாஷ் பிளேட் மேல வழுக்கிக்கிட்டே சுத்தும். வழுக்குறதுன்னா இரும்பு மேல இரும்பு உரசுறது இல்ல, நடுவுல சில மைக்ரான் கனத்துல ஒரு ஆயில் படலம் இருக்கும், அது மேல மிதந்துதான் ஓடுது. அந்தப் படலத்துக்கு ஆயில் பிஸ்டன் நடுவுல இருக்குற சின்ன ஓட்டை வழியா வரும், பேரிங்குக்கும் மத்த பாகத்துக்கும் கேஸ்ல நிக்கிற ஆயில்லேர்ந்து கிடைக்கும். இப்போ கேஸ் காலியா இருக்கு, சக்ஷன்ல, அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சுற வழியில, காத்து இருக்குன்னா என்ன ஆகும், ஸ்லிப்பர் காய்ஞ்ச இரும்பு மேல தேயும். 1440 ஆர்பிஎம் மோட்டார் செகண்டுக்கு 24 சுத்து சுத்துது, அரை நிமிஷத்துல 720 சுத்து. பித்தளை கலந்த அந்த ஸ்லிப்பர் முகம் அத்தனை சுத்து காய்ஞ்சு ஓடினா அதுக்கு அப்புறம் எவ்வளவு ஆயில் ஊத்தினாலும் பழைய நிலைக்கு வராது. சக்ஷன்ல உறிஞ்சுற ஆயில் நேரா கேஸுக்குப் போறதில்ல, அவுட்லெட்டுக்குத்தான் போகுது, உள்ள கசியிறதுதான் கொஞ்சம் கொஞ்சமா கேஸை நிரப்பும், அதுக்கு நேரம் ஆகும், அந்த நேரம் பம்ப்புக்கு இல்ல.

அவன் செஞ்ச ரெண்டாவது தப்பு முதல் தப்பை விடப் பெருசு. கத்துச்சு, ஆஃப் பண்ணான், சரி. ஆனா காரணம் தெரியாமலே திரும்ப ஆன் பண்ணான். பம்ப் கத்துறப்போ நிறுத்திட்டுப் பிரிச்சுப் பாத்தா சில நேரம் காப்பாத்த முடியும், "இன்னொரு தடவை பாக்கலாம்"னு போடுற அந்த ஸ்விட்ச்தான் முடிச்சு விடுது.

நானும் ஒரு பம்ப்பைக் கொன்னிருக்கேன். வேலைக்குச் சேந்து ரெண்டாவது வருஷம், நைட் ஷிப்ட், ஒரு மோல்டிங் மெஷின்ல ஆயிலை வடிகட்டுற ஸ்டிரெய்னரை கிளீன் பண்றதுக்காக சக்ஷன் பால் வால்வை மூடினேன், வேலையை முடிச்சேன், திறக்க மறந்துட்டேன், ஆபரேட்டர் வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கிட்டார். அது வேன் பம்ப், பிஸ்டனுக்குப் பதிலா ஒரு வளையத்துக்குள்ள பிளேடு சுத்துற வகை, உள்ள இருக்குற கார்ட்ரிட்ஜ் செட் மொத்தமும் போச்சு. எங்க ஃபோர்மேன் ஒரு வார்த்தை திட்டல, மறுநாள் அந்த கார்ட்ரிட்ஜைப் பிரிச்சு என் கையில குடுத்து, உள் வளையத்துல அலை அலையா விழுந்திருந்த கோட்டை விரலால தடவிப் பாக்கச் சொன்னார். அன்னிலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம், சக்ஷன் வால்வை யார் மூடுறாங்களோ அவங்க பாக்கெட்லதான் பேனல் சாவி இருக்கணும், வால்வைத் திறந்து கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டின அப்புறம்தான் சாவி வெளிய வரும். இப்பல்லாம் வால்வுலயே பிராக்ஸிமிட்டி ஸ்விட்ச் வெச்சு இன்டர்லாக் குடுக்குறாங்க, வால்வு முழுசா திறக்கலேன்னா மோட்டார் எடுக்காது. மோட்டார், பம்ப், டேங்க் எல்லாம் சேந்த புது பவர் பேக் வாங்குறவங்க அதைக் கேட்டு வாங்குங்க.

சரி, புது பம்ப் மாட்டுறதும் ரொம்ப நாள் நின்ன மெஷினைத் திரும்ப எழுப்புறதும் ஒண்ணா சேந்து வந்த ஒரு அனுபவத்தைச் சொல்றேன், அதுல எல்லாமே வந்துடும். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதியில கொட்டின மழையில அம்பத்தூர் எஸ்டேட்ல எத்தனை ஷெட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சுன்னு அங்க வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். எங்க ஷாப்ல 200 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒண்ணு, அதோட பவர் பேக் தரையோட தரையா இருந்துச்சு, 400 லிட்டர் டேங்க், ஒரு சுத்துக்கு 71 சிசி ஆயில் தள்ளுற பிஸ்டன் பம்ப். தண்ணி வடிஞ்சு நாங்க உள்ள போனப்போ மோட்டார்ல பாதி வரைக்கும் சேறு கோடு போட்டிருந்துச்சு.

முதல்ல எல்லாருக்கும் தோணுறது கரண்ட் இல்ல, மெஷின் ஆறு நாளா நிக்குது, அதனால பயம் இல்லன்னு. அப்படி நெனச்சுத்தான் ஒரு பையன் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அக்குமுலேட்டர் லைன் ஃபிட்டிங்கைக் கழட்டப் போனான். நல்லவேளை பிரஷர் கேஜ் என் கண்ணுல பட்டுச்சு, 60 பார் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அக்குமுலேட்டருக்குள்ள நைட்ரஜன் அடைச்ச பிளாடர்னு ஒரு ரப்பர் பை இருக்கு, அது ஆயிலை அமுக்கிக்கிட்டே இருக்கும், அதுக்கு கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், நாள் கணக்கு கிடையாது. அந்த ஃபிட்டிங் கழண்டிருந்தா அவன் முகத்துக்கு நேரா வந்திருக்கும். டிரெயின் வால்வைத் திறந்தோம், ஆயில் டேங்குக்குப் போற சத்தம் கேட்டு, அது நின்ன அப்புறம்தான் கை வெச்சோம். கேஜ்ல ஜீரோ காட்டுதுன்னு மட்டும் நம்பாதீங்க, வெள்ளத்துல ஊறின கேஜ் முள்ளு துருப்பிடிச்சு ஜீரோலயே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். அதே மாதிரி மேல நிக்கிற ராம், அதாவது பிரஸ்ல மேலயும் கீழயும் போற பாகம், அதுக்கு முட்டு குடுக்காம கீழ யாரும் குனியக் கூடாது, பம்ப் ஆஃப்ல இருக்குறதுக்கும் ராம் இறங்காம இருக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. இதெல்லாம் முடிச்சு, கரண்ட்டைத் துண்டிக்கிற மெயின் ஐசொலேட்டரைப் பூட்டி, சாவியை நான் வெச்சுக்கிட்டு, அப்புறம்தான் ஆயில் பக்கம் போனோம்.

டேங்க் டிரெயினைத் திறந்தா முதல்ல சுத்தமா தண்ணிதான் வந்துச்சு, பக்கெட் பக்கெட்டா. தண்ணி கனம், அடியில நிக்கும், ஆயில் மேல மிதக்கும். அதுக்கு அப்புறம் வந்த ஆயில் மோர் கலர்ல இருந்துச்சு. பக்கத்து ஷெட்காரர் ஒருத்தர் வந்து, தண்ணியை வடிச்சாச்சுல்ல, மிச்ச ஆயிலை வெச்சே ஓட்டுங்க, ரெண்டு பேரல் ஆயில் காசு மிச்சம்னு சொன்னார். அவர் மேல கோபம் இல்ல, அந்த மாசம் எஸ்டேட்ல யாருகிட்ட காசு இருந்துச்சு. ஆனா மோர் கலர்னா தண்ணி ஆயிலோட கலந்து நிக்குதுன்னு அர்த்தம், அது அடியில இறங்கிடும்னு காத்திருக்க முடியாது. சந்தேகம்னா ஒரு சொட்டு ஆயிலைச் சூடான தகடு மேல விட்டுப் பாருங்க, கடுகு தாளிக்கிற மாதிரி படபடன்னு பொரிஞ்சா தண்ணி இருக்கு. எங்களுது நல்லாவே பொரிஞ்சுது. ஓனரைக் கூட்டிட்டு வந்து அவர் கண் முன்னாடியே சொட்டு விட்டுக் காட்டினேன், அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லல, புது ஆயில் ஆர்டர் போட்டார்.

பம்ப்போட டிரெயின் பிளக்கைக் கழட்டினா உள்ளேர்ந்து பழுப்புத் தண்ணி. பேரிங்ல துரு ஏறிடுச்சு, அதைத் திரும்ப ஓட்டுறதுக்கு இல்ல. மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பினோம், பம்ப் புதுசு.

டேங்க் கழுவுறதைப் பத்திக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா புது பம்ப் செத்துப் போறதுக்கு ஆயில் ஊத்தாததுக்கு அடுத்த காரணம் இதுதான். பழைய பம்ப் உடைஞ்சு போறப்போ அந்தப் பித்தளைத் துகள் எங்க போகும்? டேங்க், வால்வு பிளாக், கூலர், சிலிண்டர்னு எல்லா இடத்துலயும் போய் உக்காந்துக்கும். பம்ப்பை மட்டும் மாத்திட்டு அதே ஆயில்ல ஓட்டினா பழைய பம்ப்போட எலும்பு புது பம்ப் வாய்க்குள்ள போகுது. ஒரே மெஷின்ல ஒரே வருஷத்துல மூணு பம்ப் மாத்தின இடம் எனக்குத் தெரியும், மூணாவதுக்கு அப்புறம்தான் டேங்க் மூடியைத் திறந்தாங்க.

டேங்க் உள்ள பனியன் வேஸ்ட் போட்டுத் துடைக்காதீங்க. நூல் பிரிஞ்சு அங்கயே ஒட்டும், அது போய் ஸ்டிரெய்னர்ல சுத்திக்கிட்டா சக்ஷன் அடைக்கும். நூல் விடாத துணியால துடைச்சிட்டு, கடைசியா மைதா மாவை சப்பாத்திக்குப் பிசையிற மாதிரி கெட்டியாப் பிசைஞ்சு அதை மூலை முடுக்கு, வெல்டிங் ஓரம்னு ஒத்தி ஒத்தி எடுக்கணும். கண்ணுக்குத் தெரியாத துகள் எல்லாம் மாவுல ஒட்டிக்கிட்டு வரும். நம்ம கண்ணு பாக்குற அளவு 40 மைக்ரான் பக்கம்தான், பம்ப்பைத் தேய்க்கிறது அதை விட ரொம்பச் சின்னது. எங்க டேங்குக்கு மூணு கிலோ மாவு ஆச்சு, முதல் உருண்டை கறுப்பா வந்துச்சு, கடைசி உருண்டை வெள்ளையா வந்தப்போதான் மூடியைப் போட்டேன்.

புது ஆயில்னா சுத்தம்னு நெனைக்கிறதும் தப்பு. பேரல்ல வர்ற ஆயில் ஒரு நல்ல பிஸ்டன் பம்ப் கேக்குற அளவுக்குச் சுத்தமா இருக்கும்னு நம்ப முடியாது. பேரல் மூடியைத் திறந்து பக்கெட்ல மொண்டு ஊத்துறதெல்லாம் வேண்டவே வேண்டாம், 10 மைக்ரான் ஃபில்டர் போட்ட டிராலி வழியாத்தான் டேங்குக்குள்ள போகணும். டிராலி இல்லேன்னா வாடகைக்குக் கிடைக்குது. ரிட்டர்ன் ஃபில்டர் எலிமென்ட், டேங்க் மூச்சு விடுற பிரீதர் எல்லாம் புதுசு போடுங்க. ஜாயின்ட்டுக்கு டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, பிஞ்சு உள்ள போச்சுன்னா வால்வு ஸ்பூல் சிக்கும், ரப்பர் ஒட்டின டவ்டி வாஷரோ ஓ-ரிங்கோ போடுறதுதான் முறை.

பம்ப் போர்ட்ல இருக்குற பிளாஸ்டிக் மூடியைக் கடைசி நிமிஷம் வரைக்கும் எடுக்காதீங்க, ஆனா எடுக்க வேண்டிய நேரத்துல எல்லாத்தையும் எண்ணி எடுங்க. கேஸ்ல கசியிற ஆயில் வெளிய போற டிரெயின் போர்ட்ல மூடி இருக்குறது தெரியாம ஸ்டார்ட் பண்ணா கேஸ்ல பிரஷர் ஏறி ஷாஃப்ட் சீல் பிதுங்கிடும். இந்த மாதிரி பம்ப்புக்கெல்லாம் கேஸ் பிரஷர் ரொம்பக் கம்மியாத்தான் தாங்கும், எங்களுக்கு வந்த பம்ப்போட டேட்டா ஷீட்ல 2 பார் அப்சல்யூட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு இருந்துச்சு, அதாவது வெளிக்காத்தை விட ஒரே ஒரு பார்தான் கூட. அதனாலதான் டிரெயின் லைனைத் தனியா டேங்குக்குக் கொண்டு போகணும், ஆயில் மட்டத்துக்குக் கீழ முடியணும், ரிட்டர்ன் லைனோட சேக்கக் கூடாது. அப்புறம் மோட்டாரையும் பம்ப்பையும் சேக்குற கப்ளிங். ஷாஃப்ட்ல ஏறலேன்னா சுத்தியலால தட்டுறாங்க, அந்த அடி நேரா உள்ள இருக்குற பேரிங்குக்கும் வால்வு பிளேட்டுக்கும் போகுது. கையால தள்ளினா ஏறணும், இல்லேன்னா கப்ளிங்கை லேசா சூடு பண்ணி ஏத்தணும்.

அந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் கேஸ்ல ஆயில் ஊத்துறதுதான். மேல இருக்குற டிரெயின் போர்ட்ல சுத்தமான புனல் வெச்சு, ஃபில்டர் பண்ண ஆயிலை மெதுவா விடணும். எங்க பம்ப் ஒன்றரை லிட்டர் கிட்ட குடிச்சுது. நிரம்பிடுச்சுன்னு தோணுறப்போ கப்ளிங்கைக் கையால ரெண்டு சுத்து சுத்தினா குமிழ் குமிழா காத்து வரும், மட்டம் இறங்கும், திரும்ப ஊத்தணும், திரும்பச் சுத்தணும், குமிழே வராம வாய் வரைக்கும் நிக்கிற வரைக்கும். பத்து நிமிஷ வேலை. டிரெயின் ஹோஸையும் மேல இருக்குற போர்ட்லயே மாட்டுங்க, கீழ போர்ட்ல மாட்டினா மெஷின் நின்னதும் கேஸ் காலியாகிடும், அடுத்த நாள் காலையில மறுபடியும் காய்ஞ்ச ஸ்டார்ட்.

2020 லாக்டவுன் முடிஞ்சு மே மாசக் கடைசியில ஷெட்டைத் திறந்தப்போ இதையேதான் செஞ்சோம். புது பம்ப் எதுவும் இல்ல, ஆனா ரெண்டு மாசம் நின்ன மெஷின், டேங்குக்கு மேல பம்ப் உக்காந்திருக்குற மாடல்ல சக்ஷன் பைப் ஆயில் மொத்தமும் கீழ இறங்கியிருந்துச்சு. ரொம்ப நாள் நின்ன பம்ப்பையும் புது பம்ப்பாத்தான் நெனைக்கணும்.

அடுத்து சுத்துற திசை. ரீவைண்டிங் போய்ட்டு வந்த மோட்டார்ல ரெண்டு வயர் மாறி வர்றது சாதாரணம், வெள்ளத்துக்கு அப்புறம் எஸ்டேட்ல இதனாலயே ஒரு பம்ப் போனதை என் கண்ணால பாத்தேன். தலைகீழா சுத்தினா பம்ப் சக்ஷன்லேர்ந்து உறிஞ்சாது, காய்ஞ்சே ஓடும். அதனால கப்ளிங்குக்கு நடுவுல இருக்குற ஸ்பைடர் துண்டைக் கழட்டி வெச்சுட்டு மோட்டாரை மட்டும் தனியா ஒரு தட்டு தட்டிப் பாத்தோம், பம்ப் உடம்புல இருக்குற அம்புக்குறியோட சரியா வந்துச்சு, அப்புறம்தான் கப்ளிங். மாறி வந்தா ஏதாவது ரெண்டு ஃபேஸை மாத்தினா போதும், ஆனா பம்ப்போட சேத்து மாட்டிட்டுச் சோதிக்காதீங்க.

ஸ்டார்ட்டுக்கு முன்னாடி, பிரஷர் ரொம்ப ஏறாமப் பாத்துக்குற ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை முழுசா லூஸ் பண்ணி, பம்ப்லயே பிரஷரைக் கட்டுப்படுத்துற காம்பன்சேட்டரையும் குறைச்சு வெச்சோம். பிரஷர் லைன் டெஸ்ட் பாயின்ட்ல ஒரு சின்ன ஹோஸை மாட்டி அதோட மறுமுனையை ஒரு டப்பாவுல கட்டி விட்டோம், காத்து வெளிய போறதுக்கு. சில பேர் காத்து எடுக்குறதுக்கு ஓடுற மெஷின்ல ஃபிட்டிங்கை லூஸ் பண்ணுவாங்க, அதை மட்டும் செய்யாதீங்க. அப்புறம் இன்ச்சிங், ஒரு செகண்ட் ஆன், ஆஃப், அரை நிமிஷம் காத்திரு, திரும்ப ஒரு செகண்ட். மூணாவது தட்டுல டப்பாவுக்குள்ள நுரை வந்துச்சு, ஆறாவது தட்டுல நுரை போய் சுத்தமா ஆயில் வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் தொடர்ந்து ஓட விட்டோம், லோடே இல்லாம, பதினஞ்சு நிமிஷம்.

அந்தப் பதினஞ்சு நிமிஷமும் நான் பம்ப் பக்கத்தை விட்டு நகரல. கீச்சுன்னு ஒரே சுருதியில விசில் அடிச்சா சக்ஷன்ல ஆயில் வரத்து பத்தல, அடைப்பு இருக்கு இல்ல வால்வு பாதிதான் திறந்திருக்கு. கூழாங்கல்லை டின்ல போட்டு ஆட்டுற மாதிரி விட்டு விட்டு வந்தா எங்கயோ காத்து இழுக்குது, சக்ஷன் ஜாயின்ட் மேல கொஞ்சம் ஆயில் ஊத்திப் பாருங்க, சத்தம் மாறினா அந்த ஜாயின்ட்தான். இது என் காதுக்குப் பழகின கணக்கு. டேங்க் லெவலையும் பாத்துக்கிட்டே இருக்கணும், சிலிண்டரும் பைப்பும் நிரம்ப நிரம்ப லெவல் இறங்கும், சக்ஷன் வாய் வெளிய தெரிஞ்சுதுன்னா அவ்வளவு நேரம் செஞ்ச வேலை வீண்.

வேன் பம்ப்புக்குக் கதை கொஞ்சம் மாறும். அங்க வேன் பிளேடு வெளிய வந்து வளையத்தை ஒட்டணும்னா வேகம் வேணும், பொதுவா 600 ஆர்பிஎம் குறையக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இப்போ மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ் போட்ட மெஷின்ல மெதுவா ஆரம்பிக்கிறதுதான் நல்லதுன்னு நெனச்சு 10 ஹெர்ட்ஸ்ல ஓட விடுறாங்க, 4 போல் மோட்டாருக்கு அது 300 ஆர்பிஎம் கூட வராது, பிளேடு வெளிய வராது, பம்ப் உறிஞ்சாது. அக்கறையாச் செஞ்ச விஷயமே கெடுதலா முடியுது. கியர் பம்ப்புக்கு சக்ஷன் வாயில கொஞ்சம் ஆயில் விட்டாப் போதும்.

லோட் ஏத்துறது படிப்படியாத்தான். முதல்ல ராமை ரொம்பக் கம்மி பிரஷர்ல முழு ஸ்டிரோக்கும் மேலயும் கீழயும் பத்து தடவை விட்டோம். சிலிண்டருக்குள்ள காத்து நிக்கிறப்போ டப்புன்னு பிரஷர் குடுத்தா, அந்தக் காத்து அமுங்கிச் சூடாகி ஆயில் ஆவியோட சேந்து டீசல் என்ஜின் மாதிரி உள்ளயே வெடிச்சு சீலைக் கருக்கிடும். காத்து போனதும் 50 பார், பத்து நிமிஷம், அப்புறம் 100, அப்புறம் 150, கடைசியா எங்க வேலைக்கு வேண்டிய 200. ஆயில் சூடு நம்ம ஊர்ல தனி கவலை. குளிர்ல கெட்டியாகுற பிரச்சனை நமக்குப் பெருசா இல்ல, வெயில்ல இளகுறதுதான் பிரச்சனை. விஜி 68 ஆயில்னா 40 டிகிரியில அதோட கெட்டித்தன்மை 68 சென்டிஸ்டோக், பிஸ்டன் பம்ப்புக்கு நல்லாப் பொருந்துறது 16லேர்ந்து 36 வரைக்கும், அது ஏறக்குறைய 55, 60 டிகிரி ஆகுறப்போ வரும், அதைத் தாண்டிப் போக விடக் கூடாது. முதல் நாள் பூரா ஹோஸ் எல்லாத்தையும் கை வெச்சுத் தொட்டுப் பாக்கத் தோணும்.

தொடாதீங்க. இதை மட்டும் யாராவது தாண்டிப் படிச்சீங்கன்னா திரும்பி வந்து படிங்க. ரொம்ப வருஷம் முன்னாடி வேற ஒரு யூனிட்ல ஒரு ஃபிட்டர், நல்ல வேலைக்காரர், ஹோஸ்ல லேசா புகை மாதிரி ஆயில் தெறிக்குதுன்னு விரலை வெச்சுப் பாத்தார். சுட்டு விரல்ல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, வலி கூடப் பெருசா இல்ல, துடைச்சுட்டு ஷிப்ட்டை முடிச்சிட்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி கை பூரா வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனப்போ நேரம் போயிருந்துச்சு, விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. 7 பார் பிரஷர்லயே ஆயில் தோலைத் துளைக்கும்னு சொல்றாங்க, நம்ம மெஷின் ஓடுறது 200ல. உள்ள போன ஆயில் சதைக்குள்ள பரவி அழுகடிக்கும், வெளிய பாத்தா சின்னப் புள்ளிதான் தெரியும். லீக் தேடணும்னா நீளமான அட்டையை நீட்டுங்க, அட்டை நனையும் இல்ல ஓட்டை விழும், விரல் தப்பிக்கும். யாருக்காவது பட்டுடுச்சுன்னா வலி இல்லேன்னாலும் அந்த நிமிஷமே கைக்கு ஆபரேஷன் பண்ணக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, "ஹை பிரஷர்ல ஆயில் உள்ள ஏறிடுச்சு"ன்னு அதே வார்த்தையில டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆயில் பேர் என்னன்னும் சொல்லுங்க, டிடி ஊசி போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பினா ஒத்துக்காதீங்க. மணிக்கணக்குலதான் இதுல வித்தியாசம் வருது.

முதல் 50 மணி நேரம் ஓடினதும் ஃபில்டரை மாத்தினோம், அடைக்கிறதுக்குக் காத்திருக்கல. எலிமென்ட்டை வெட்டி மடிப்பைப் பிரிச்சுப் பாத்தேன், பித்தளை மினுக்கு எதுவும் இல்ல, கொஞ்சம் மண்ணு மாதிரி இருந்துச்சு, வெள்ளத்தோட மிச்சம். அப்புறம் லோடை இறக்கி மோட்டாரை நிறுத்தி, டிரெயின் ஹோஸோட டேங்க் முனையைக் கழட்டி ஒரு அளவு டின்ல விட்டு, திரும்ப 150 பார்ல ஓட விட்டு ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வருதுன்னு அளந்தோம், 1.4 லிட்டர். 71 சிசி பம்ப் நிமிஷத்துக்கு 100 லிட்டர் கிட்ட தர்றதுல இவ்வளவு உள்கசிவு ஆரோக்கியமான அளவு. பம்ப் புதுசா இருக்குறப்போ இந்த நம்பரை எடுத்து வெச்சாத்தான் பின்னாடி தேயுதா இல்லையான்னு சொல்ல முடியும், அதே பிரஷர், அதே சூடு இருக்குறப்போ அளக்கணும். பேனல் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல தேதி போட்டு எழுதினேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதுக்குக் கீழயே எழுதிக்கிட்டு வர்றோம், கடைசியா எழுதினது 1.7.

அந்தத் தம்பி மறுநாள் பம்ப் கேஸைக் கவுத்து வெள்ளை டிரேல ஊத்தி போட்டோ அனுப்பினான், தங்கத் தூள் கொட்டின மாதிரி இருந்துச்சு. இப்போ அவங்க ஓனர் இன்னொரு பம்ப் ஆர்டர் போட்டிருக்காரு, வந்த அன்னிக்கே மெஷின் ஓடணும்ங்கிறாராம், டேங்க் கழுவ ஒரு நாள் கேட்டதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாராம். நான் பேசுறேன்னு அவர்கிட்ட போன் போட்டுப் பேசினேன், ரெண்டு பம்ப் விலையையும் ஒரு நாள் புரொடக்ஷனையும் சேத்து வெச்சுச் சொன்னேன், சரின்னுட்டார். ஞாயித்துக்கிழமை காலையில அங்க போறேன். மூணு கிலோ மைதாவும் ஒரு புதுப் புனலும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன்.